பவளத்தை அறுத்துப் படித்தவர்

2007 செப்டம்பர் 12, மாலை ஏழு மணி தாண்டியிருக்கும். அப்போது நாங்கள் சிங்கப்பூரில், ஜூரோங் வெஸ்டில் பதின்மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். அடுப்பில் ரசம் நுரை கட்டி வருகிற நேரம். சாமி அலமாரியில் தொங்கவிட்டிருந்த சின்ன மணி ஆடியது. சத்தம் இல்லை, ஆட்டம் மட்டும். எனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் வாளித் தண்ணீர் இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் போய் வந்துகொண்டிருக்கிறது. மகனைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினேன். கீழே பாதி புளோக் கூடி நின்றது. பக்கத்து வீட்டு மலாய் அம்மா மேற்கே கையைக் காட்டி "சுமத்ரா, சுமத்ரா" என்றார். அடுப்பை அணைக்காமல் வந்தது அப்போதுதான் உறைத்தது. ரசம் போய்விட்டது, பாத்திரமும் போய்விட்டது.

எனக்கு ஊர் நாகப்பட்டினம். சூடாமணி விகாரம், ஸ்ரீவிஜய அரசர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததோடு சரி, அதற்குமேல் சுமத்ரா எங்கள் தெருவில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அந்தக் காலை வரைக்கும். சித்தப்பா துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர். அந்தக் காலையைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன், மறுபடி வேண்டாம்.

மணி ஆடிய அன்று இரவு தூக்கம் வராமல் இணையத்தைத் துழாவினேன். சுமத்ராவின் பெங்குலுவில் 8.4 அளவு நிலநடுக்கம் என்று போட்டிருந்தது. அப்படித் தேடித் தேடிப் போய் மாட்டியவர்தான் இந்த விஞ்ஞானி. பெயர் கெர்ரி சீ. தமிழில் எழுதினால் ஒரு மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும். இனி கெர்ரி என்றே வைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காக்காரர். 1970களில் ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடகிழக்கே பாலெட் கிரீக் என்ற ஓடையில் இறங்கினார். நிலநடுக்கம் கிளம்புகிற சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு அந்த ஓடைக்குக் குறுக்கே போகிறது. முன்பு அது சதுப்பு நிலம். ஒரு படிவு மட்கிய இலைதழை, மேலே ஒரு படிவு மணல், மறுபடி இலைதழை என்று அடுக்கடுக்காக இருக்கும். நிலநடுக்கம் வரும்போது அந்த அடுக்குகள் வெட்டுப்படும், அப்புறம் மேலே புது அடுக்கு மூடிக்கொள்ளும். வெட்டு எந்த அடுக்கோடு நின்றிருக்கிறது என்று பார்த்து, அந்த அடுக்கின் வயதைக் கார்பன் முறையில் கணக்கிட்டால், நடுக்கம் வந்த காலம் கிடைத்துவிடும். கலிஃபோர்னியாவில் எழுதி வைத்த வரலாறே சொற்பம். இவர் குழி தோண்டி ஆயிரத்துச் சொச்சம் வருடக் கணக்கை எடுத்துவிட்டார். அந்தக் கட்டுரை 1978-ல் வந்தது. எழுதியவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

சுமத்ராவில் குழி தோண்டிப் பயனில்லை. அங்கே பிளவு கடலுக்கு அடியில் இருக்கிறது. நம்மூரைத் தாங்குகிற இந்தியத் தட்டும் அதை ஒட்டிய ஆஸ்திரேலியத் தட்டும்தான், பூமியின் மேலோட்டுத் துண்டுகள், அங்கே போய் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் கணக்கில் சுமத்ராவுக்கு அடியில் நுழைகின்றன. அதனால் 1990களில் கெர்ரி பவளத்துக்கு மாறினார். இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆழம் குறைந்த கடலில் போரைட்டஸ் என்று ஒரு பவளம் வளர்கிறது. வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல. வற்றுக்கடல் எவ்வளவு இறங்குமோ, அந்த மட்டம் வரைக்கும்தான் அதனால் மேலே வளர முடியும். அதற்கு மேல் தலை நீட்டினால் வெயில் பட்டுச் செத்துவிடும். ஆகவே பக்கவாட்டில் பரவி, தட்டையாக, தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். நிலம் மெல்ல மெல்ல அமுங்கினால் பவளத்துக்குக் கொண்டாட்டம், ஓரம் உயர்ந்துகொண்டே போய்க் கிண்ணம் போல் ஆகும். நடுக்கம் வந்து தீவு சட்டென்று மேலே எழும்பினால், தண்ணீருக்கு வெளியே வந்த பகுதி முழுக்கச் செத்துப்போகும். அடியில் நனைந்திருக்கிற பகுதி மட்டும் பிழைத்து வளரும். இவர்கள் மோட்டார் ரம்பம் கொண்டுபோய் அதைக் குறுக்கே அறுத்து, கேக் துண்டு போல ஒரு பலகையை எடுத்து, ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு எடுக்கிற மாதிரி எக்ஸ்ரே எடுக்கிறார்கள். மரத்தின் வளையம் போல வருடா வருடம் ஒரு கோடு தெரிகிறது. எண்ணிக்கொண்டே போகலாம். சுமத்ராவின் மேற்குக் கரைக்கு எதிரே இருக்கும் மென்டவாய் தீவுகளில் அப்படி எண்ணியதில், 1797-லும் 1833-லும் வந்த பெரிய நடுக்கங்கள் துல்லியமாக அகப்பட்டன. 1833-ல் சில இடங்கள் இரண்டு மீட்டருக்கும் மேல் எழும்பியிருக்கின்றன. கூடவே வேலை செய்தவர் டேனி நத்தாவிஜாயா, இந்தோனேசியர், கெர்ரியின் மாணவர்.

இருநூறு வருடத்துக்கு ஒரு முறை என்றால் அடுத்தது நெருங்கிவிட்டது என்று கெர்ரிக்குப் புரிந்தது. கட்டுரை எழுதியதோடு நிற்கவில்லை. 2004 ஜூலையில் அவருடைய குழு சுவரொட்டியும் துண்டறிக்கையும் அச்சடித்து, மென்டவாயிலும் பத்து தீவுகளிலும் ஊர் ஊராகக் கொடுத்தது. ('பத்து' என்பது அங்கே கல். எண்ணிக்கை இல்லை.) நடுக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும், கடலை விட்டு எப்படி ஓட வேண்டும் என்று.

ஜூலை. அதற்கு ஐந்து மாதம் கழித்து டிசம்பர்.

இதைப் படித்த அன்று எனக்கு வந்தது கோபம்தான். தெரிந்திருக்கிறது, தெரிந்தும் நமக்குச் சொல்லவில்லை என்று. அப்புறம் வரைபடத்தைப் பார்த்தேன். டிசம்பரில் கிழிந்தது அவர் படித்துக்கொண்டிருந்த பகுதியே இல்லை. அதற்கு வடக்கே, சிமுலுவே தீவிலிருந்து அந்தமான் வரை ஏறக்குறைய 1300 கிலோமீட்டர். அங்கே அவ்வளவு பெரிதாக வரும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. சுவரொட்டி ஒட்டிய ஊர் ஒன்று, கடல் ஏறிய ஊர் வேறு.

அதனால் கெர்ரி மேல் இருந்த கோபம் போய்விட்டது. எங்கே மாற்றி வைப்பது என்றுதான் தெரியவில்லை. நம்மூர் நேரம் காலை 6:28-க்கு நடுக்கம். நாகையில் அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அதற்குப் பவளம் எதுவும் அறுக்க வேண்டாம், ஒரு போன் போதும். யார் யாருக்குப் போன் செய்வது என்ற ஏற்பாடே அன்றைக்கு இந்தியப் பெருங்கடலில் இல்லை. ஹைதராபாத் எச்சரிக்கை மையம் வந்தது 2007 அக்டோபரில், என் ரசம் பொங்கி வழிந்த அடுத்த மாதம்.

கெர்ரி 2008-ல் எங்கள் பக்கமே வந்துவிட்டார், நன்யாங் பல்கலைக்கழகத்தில் புவி ஆய்வகம் தொடங்க. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் சில நிறுத்தம். ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை, பார்த்து என்ன கேட்பது? அந்த ஆண்டுக் கடைசியில் வந்த கட்டுரையில், மென்டவாய்ப் பவளங்களின் எழுநூறு வருடக் கணக்கை வைத்து, அடியில் சேர்ந்திருக்கிற அழுத்தத்தில் 2007-ல் ஆடித் தீர்ந்தது கொஞ்சம்தான், மேற்கு சுமத்ராவின் பாடாங் நகரத்துக்கு எதிரே பெரியது இன்னும் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். 2009-ல் பாடாங்கில் ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். ஆனால் அது வேறு ஆழத்தில் வந்த வேறு நடுக்கம். இவர்கள் சொன்னது இன்னும் வரவில்லை.

அந்தக் குழுவே பிறகு சிமுலுவேயின் வடக்கு முனைக்கும் போய்ப் பவளத்தை அறுத்தது. ஏரன் மெல்ட்ஸ்னர் என்பவர் முதல் பெயராக இருக்கும் கட்டுரை, 2010. தீவு முன்பும் எழும்பியிருக்கிறது, 1394 வாக்கில் ஒரு முறை, 1450 வாக்கில் ஒரு முறை.

ஊருக்குப் போயிருந்தபோது சித்தியிடம் இதைச் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அறுநூறு வருஷத்துக்கு முன்னாடியும் அங்க இதே மாதிரி ஆடியிருக்காம் சித்தி. கல்லுல வருஷம் தெரியுதாம்."

"மாசம்?"

"மாசமெல்லாம் தெரியாது. வருஷமே ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன இருக்கும்."

சித்தி ஒரு காம்பை உருவித் தட்டில் போட்டார். "மாசம் தெரியாம அதுல போனவங்களுக்கு எப்படிடி திதி குடுத்திருப்பாங்க?"