பூஞ்சேரியில் ஓர் ஒத்திகை

2022ஆம் ஆண்டு ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை அன்று, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்த துரித சதுரங்கப் போட்டியில் என் மகள் விளையாடினாள். நான்கு நாட்கள் கழித்துத் தொடங்கி அதே இடத்தில் ஆட்டங்கள் நடக்கவிருந்த, நாடுகளின் அணிகள் மோதும் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டுக்கு ஒத்திகை பார்ப்பதே அப்போட்டியின் நோக்கம். மாஸ்கோவில் நடந்திருக்க வேண்டிய ஒலிம்பியாட், உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பின் பிப்ரவரி இறுதியில் ரஷ்யாவிடமிருந்து பறிக்கப்பட்டு, மார்ச் மாதத்தில் சென்னைக்கு வழங்கப்பட்டது. பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு செய்யும் ஏற்பாடுகளைச் சில மாதங்களில் முடிக்க வேண்டியிருந்த நிலையில், முழு அளவிலான ஒத்திகை ஒன்றை நடத்தியே தீர வேண்டும் என்று முடிவெடுத்தவர்களின் முன்யோசனை பாராட்டுக்குரியது.

எங்களைப் போன்ற காட்பாடிக் குடும்பங்களுக்கு இச்செய்தி சதுரங்கப் பயிற்சி வகுப்பு வழியாகத்தான் வந்தது. பதிவு செய்வதற்கு அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பின் நடப்பாண்டுப் பதிவெண்ணும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் அடையாள எண்ணும் தேவைப்பட்டன. இவ்விரண்டையும் முன்னரே பெற்றிருந்த பிள்ளைகளுக்கு வேலை எளிதாக முடிந்தது. புதிதாகப் பெற வேண்டியிருந்தவர்களோ பிறப்புச் சான்றிதழையும் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு அலைந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் முன்னெழுத்து பெயருக்கு முன்னும் ஆதாரில் பின்னும் இருப்பது நம் ஊரில் எத்தனை விண்ணப்பங்களை நிறுத்தி வைத்திருக்கிறது என்பதைத் தனியாகவே எழுதலாம்.

நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பேசி, விடியும் முன்பே புறப்பட்டோம். ஆடிக் கிருத்திகையை ஒட்டிய நாளானதால், இரத்தினகிரிப் பக்கம் அந்நேரத்திலேயே நெடுஞ்சாலையில் காவடிகள் தென்பட்டன. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பூஞ்சேரியை நெருங்கியபோது, வேட்டி சட்டையில் கைகூப்பி நிற்கும் குதிரைத் தலை கொண்ட ஒலிம்பியாட் சின்னமான 'தம்பி' வழியெங்கும் வரவேற்றார். அந்த மாதத்தில் அவரைப் பார்க்காமல் தமிழ்நாட்டில் எங்கும் திரும்ப முடியவில்லை. சென்னை நேப்பியர் பாலமே கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாறியிருந்தது. விளம்பரம் தேவைதான். ஆனாலும் ஒரு நகரம் ஆயத்தமாகிவிட்டதா என்பதைச் சுவர் ஓவியங்களைக் கொண்டு அறிய முடியாது என்பதே என் எண்ணம்.

அதை அறிய ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஒலிம்பியாட்டில் பொதுப் பிரிவில் 188 அணிகளும் மகளிர் பிரிவில் 162 அணிகளும் களமிறங்கின. ஓர் அணிக்கு நால்வர் வீதம் ஆடும்போது, ஒரே நேரத்தில் ஏறத்தாழ 700 பலகைகளில் 1,400 பேர் அமர வேண்டும். இத்தனை பேரும் வாயிற்சோதனையைக் கடந்து, தத்தம் மேசையைக் கண்டுபிடித்து, குறித்த நேரத்தில் முதல் நகர்த்தலைச் செய்தாக வேண்டும். ஒவ்வொரு பலகையும் மின்னணுப் பலகை. காய் நகர்வது அந்நொடியே இணையத்தில் தெரிய வேண்டும். இருபது பலகைகளை வைத்துச் சோதித்தால் கூட்டத்தையும் கம்பிவடத்தையும் மின்சாரத்தையும் ஒருசேரச் சோதித்ததாக ஆகாது. ஆகவேதான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்களைத் திரட்டி, ஏற்கெனவே இருந்த கூடத்திலும் இதற்கென்றே புதிதாக எழுப்பிய பெரிய கூடத்திலும் உட்கார வைத்தார்கள். எங்கள் பிள்ளைகள் அந்தச் சோதனையின் எடைக்கற்கள். இதில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை.

கைப்பேசி, கைக்கடிகாரம் எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால், மகள் கையசைத்துவிட்டு வாயிலைக் கடந்த பிறகு அவளுடைய பலகை எண்ணை இணைய அட்டவணையில் பார்த்துத் தெரிந்துகொள்வதைத் தவிர எங்களுக்கு வேறு வேலை இருக்கவில்லை. முதல் சுற்றுக்கு முன் சோதனை வரிசை நீண்டது. சிறுபிள்ளைகள் மேசை எண்ணைத் தேடி அலைந்தார்கள் என்று பின்னர் அவள் சொன்னாள். சுற்றுகள் செல்லச் செல்ல இந்தத் தடுமாற்றம் குறைந்தது. பெற்றோர் ஒதுங்க நிழல் மட்டும் போதவில்லை. கடலோர வெயில் வேலூர் வெயிலைவிடக் குறைவென்று நம்பி வந்தவர்கள் வியர்வையில் நனைந்துதான் பாடம் கற்றார்கள்.

மகள் கொண்டுவந்த செய்திகளில் எனக்குப் புதியதாக இருந்தது, ஆட்டம் முடிந்ததும் இரு ராஜாக்களையும் பலகையின் நடுக்கட்டங்களில் வைக்க வேண்டும் என்பது. இரண்டும் வெள்ளைக் கட்டங்களில் நின்றால் வெள்ளைக்கு வெற்றி, இரண்டும் கறுப்புக் கட்டங்களில் நின்றால் கறுப்புக்கு வெற்றி, ஒன்று வெள்ளைக் கட்டத்திலும் மற்றது கறுப்புக் கட்டத்திலும் நின்றால் சமன் என்று பலகையே முடிவை அனுப்பிவிடும். பழக்கதோஷத்தில் காய்களைக் கலைத்து அடுக்கிவிட்டால் பதிவு குழம்பும். நகரசபைக் கூட்டத்திலோ செய்தியாளர் சந்திப்பிலோ பேசப்படாத இத்தகைய நூறு சிறு விஷயங்கள் சரியாக நடப்பதில்தான் ஒரு பன்னாட்டுப் போட்டியின் மானம் அடங்கியிருக்கிறது.

ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா நடந்தது; ஆகஸ்ட் 9 அன்று இறுதிச் சுற்றோடும் நிறைவு விழாவோடும் ஒலிம்பியாட் முடிந்தது. பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் மகளிர் பிரிவில் உக்ரைனும் தங்கம் வென்றன; இந்தியாவுக்கு இரு பிரிவுகளிலும் வெண்கலம் கிடைத்தது. முதல் எட்டுச் சுற்றுகளிலும் குகேஷ் தொடர்ந்து வென்றதை நேரலையில் பார்த்த மகள், காய்கள் நகர்ந்ததைப் பற்றிப் பேசியதைவிட, எந்தப் பலகையாவது இணைப்பு அறுந்து நிற்கிறதா என்று ஒரு நடுவரைப்போலக் கவனித்ததே அதிகம்.