முயலுக்கு அடைக்கலம் தந்த மெலங்கெல்

வேல்ஸ் நாட்டில் லங்கினோக் கிராமத்தைத் தாண்டியதும் சாலை ஒற்றை வண்டித் தடமாகக் குறுகிவிடுகிறது. எதிரே இன்னொரு கார் வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். பெர்வின் மலைகள் வழியை அடைத்து நிற்கும் அந்தப் பள்ளத்தாக்கின் கோடியில்தான் பென்னன்ட் மெலங்கெல் ஆலயம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் சிறிய கல் கட்டடம். சுற்றிலும் அதைவிடப் பழமையான, ஊசியிலை கொண்ட யூ மரங்கள்.

விருப்பமில்லாத திருமணத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து வந்த அரசகுமாரி மெலங்கெல், 7-ஆம் நூற்றாண்டில் இங்கே தனித்துத் தவமிருந்தார் என்பது வரலாறாகவே சொல்லப்படும் மரபு. வேல்ஸின் பொவிஸ் பகுதியை ஆண்ட இளவரசர் ப்ரோக்வெல் வேட்டையாடி வந்தபோது, துரத்தப்பட்ட முயல் ஒன்று முட்புதரில் ஜெபித்துக்கொண்டிருந்த மெலங்கெலின் ஆடைக்குள் புகுந்துகொண்டது. ஏவ ஏவ நாய்கள் பின்வாங்கின. வேடன் ஊதவந்த கொம்பு உதட்டிலேயே ஒட்டிக்கொண்டதாம். இளவரசர் பணிந்து, ஓடிவரும் எவருக்கும் அடைக்கல பூமியாக அந்த நிலத்தையே அவருக்குக் கொடுத்தார். அதன்பின் வெகுகாலம் இந்த ஆலயத்தின் பங்குப் பகுதியில் யாரும் முயலைக் கொல்லத் துணியவில்லை. 'மெலங்கெலின் ஆட்டுக்குட்டிகள்' என்றே அவற்றை அழைத்தார்கள்.

உள்ளே, 15-ஆம் நூற்றாண்டு ஓக் மரத் தடுப்பின் மேல்விளிம்பில் இந்தக் கதை முழுவதும் செதுக்கப்பட்டிருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் குதிரைமேல் இளவரசர், கொம்போடு போராடும் வேடன், நடுவே சலனமில்லாமல் அமர்ந்திருக்கும் மெலங்கெல். வெகுநேரம் அந்த வேடனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீடத்தருகே புனிதையின் கல்லறை மாடம், கல் தூண்கள்மீது உயர்ந்து நிற்கிறது. புனிதர் வழிபாட்டை எதிர்த்த 16-ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தக் காலத்தில் அதைத் தகர்த்துவிட்டார்கள். ஆனால் பூவேலைப்பாடு கொண்ட அதன் கற்கள் ஆலயச் சுவர்களிலும் கல்லறைத் தோட்டத்து வாயிலிலும் கட்டுமானத்தோடு கலந்து தப்பிப் பிழைத்தன. 20-ஆம் நூற்றாண்டில் அவற்றைத் தேடியெடுத்து மீண்டும் நிறுத்தினார்கள். கல்லுக்குப் பஞ்சமில்லாத மலைநாட்டில் இந்தக் கற்களை வைத்துக் கட்டியவர் யாராயினும், பக்தியோடு ஒளித்துவைத்தார் என்றே என் மனம் நம்புகிறது.

மாடத்தைச் சுற்றி மன்றாட்டு எழுதிய அட்டைகள். புற்றுநோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் துணைநிற்கும் பணி ஒன்றும் இந்த ஆலயத்தை ஒட்டி வளர்ந்தது. என் அண்ணிக்கு அறுவை சிகிச்சை நாள் குறித்திருந்தார்கள். அவர் பெயரை எழுதி வைத்து முழந்தாளிட்டேன். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

மே 27 மெலங்கெலின் திருநாள். அண்ணியை அழைத்துக்கொண்டு அந்நாளில் வருவதாக நேர்ந்திருக்கிறேன்.