19 வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் கதவு: ஒரு காலப்பயணக் காதல் நாவல் எழுதிய அனுபவம்

பதின்ம வயதினருக்கான காலப்பயணக் காதல் நாவல் ஒன்றை ஒருவழியாக எழுதி முடித்துவிட்டேன். தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, "காதல் காட்சியெல்லாம் எப்படி எழுதினே?" என்பதுதான். காதல் தானாக வந்துவிட்டது. என்னைப் படுத்தி எடுத்தது பௌர்ணமிக் கணக்கு.

ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குப் போகும் கதவு எப்போது திறக்கும் என்பதற்கு ஒரு விதி வேண்டும். மந்திர மோதிரம், பழைய கடிகாரம் எதுவும் வேண்டாம் என்றிருந்தேன். நினைத்தபோது போய்வர முடிந்தால் பிரிவுக்கு என்ன மதிப்பு? தேடியதில், பழைய கிரேக்க வானியலாளர் மெட்டான் பெயரில் வழங்கும் 19 வருடச் சுழற்சி கிடைத்தது. 235 சந்திர மாதங்களும் 19 வருடங்களும் சுமார் இரண்டு மணி நேர வித்தியாசத்தில் ஒன்றாக முடிகின்றன. அதனால் 19 வருடம் கழித்து அதே தேதியில் அதே நிலா வரும். லீப் வருடத்தால் ஒரு நாள் முன்பின் ஆகலாம். உலக நேரப்படி 2019 ஜனவரி 21 பௌர்ணமி, 2000 ஜனவரி 21-ம் பௌர்ணமி. 1981-இல் மட்டும் ஜனவரி 20. (முதல் இரண்டும் முழுச் சந்திர கிரகண நாட்கள். சேர்த்துவிட ஆசைதான். ஆனால் கிரகணம் எல்லா ஊரிலும் தெரியாது என்பதால் விட்டுவிட்டேன்.) அந்த ஒரு நாள் வித்தியாசத்தையும் கதைக்குள் இழுத்துக்கொண்டேன். 1981-இல் இருக்கும் நாயகன் மாறன் 21-ஆம் தேதிக்குக் காத்திருக்க, கதவு முந்தின நாளே திறந்துவிடுகிறது.

விதி கிடைத்ததும் வயது குறுக்கே வந்தது. நாயகி கயலுக்கு 2019-இல் 17 வயது, மாறனுக்கு 1981-இல் 18. அவள் ஒரு கதவு பின்னால் போனால் அவனுக்கு 37. அது காதல் கதை ஆகாது, ஆகவும் கூடாது. இருவரையும் 2000-க்கு வரவைத்தேன்: அவன் ஒரு கதவு முன்னால், அவள் ஒரு கதவு பின்னால். இருவருக்குமே அது சொந்தக் காலம் இல்லை. அவனுக்கு செல்போன் புதிது, அவளுக்கு யூட்யூப் இல்லாத உலகம் புதிது. திரும்பிப் போக அடுத்த பௌர்ணமியான பிப்ரவரி 19 வரைதான் வழி. அதற்குள் திரும்பாவிட்டால் இன்னொரு 19 வருடம்.

இங்கே, முதல் வரைவைப் படித்த தோழி ஒருத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மாறன் திரும்பிப் போயிட்டான்னா, 2000-இல் 37 வயசு மாறன் ஒருத்தர் அதே ஊர்ல இருப்பாரே, அவர் எங்கே?"

அந்தக் கேள்விதான் நாவலை நாவலாக்கியது. அவருக்கு எல்லாம் தெரியும். அவருக்கு அது 19 வருடத்துக்கு முன் நடந்து முடிந்தது. கயல் வந்து இறங்கிய முதல் நாள், தெருவில் போகிற ஒருவரை நிறுத்தி, "அங்கிள், பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம்?" என்று கேட்கிறாள். அவர் ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டு இடது பக்கம் கை காட்டுகிறார். பஸ் ஸ்டாப் இருப்பது வலது பக்கம். வழி தவறிப் போன சந்தில்தான் அவள் மாறனைச் சந்திக்கிறாள். "ஒரு அங்கிள் தப்பா வழி சொல்லிட்டாரு" என்று அவனிடம் அலுத்துக்கொள்கிறாள். அவள் அப்படிச் சொன்னது நினைவிருப்பதால்தான் அவர் இடது பக்கம் காட்டினார். வேறு எதுவும் பேசாமல் தன் பெண்ணைப் பள்ளியில் விடப் போய்விடுகிறார். அவரை உருக வைக்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். 37 வயதுக்காரர் 17 வயதுப் பெண்ணைப் பார்த்து உருகும் காட்சியை இளையோர் நாவலில் நான் எழுத மாட்டேன்.

ரஷ்ய இயற்பியலாளர் நோவிக்கோவ் 1980-களில் முன்வைத்த தன்னிசைவுக் கொள்கையும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: கடந்த காலத்துக்குப் போக முடிந்தாலும் அதை மாற்ற முடியாது, அங்கே நீங்கள் செய்வது ஏற்கெனவே நடந்ததன் ஒரு பகுதி. எதையும் அழித்து எழுதலாம் என்ற வகைக் கதைகளில் எனக்கு ருசி இல்லை. சண்டையோ முத்தமோ, பிடிக்கவில்லை என்றால் திரும்பப் போய்ச் சரிசெய்துவிடலாம் என்றால் யார் பதறுவார்கள்?

முடிவும் அந்த பஸ் ஸ்டாப் காட்சியால் பூட்டப்பட்டுவிட்டது. இருவரும் 2000-இலேயே தங்கிவிடட்டும் என்று பாதிப் பேர் சண்டை பிடித்தார்கள். மாறன் தங்கிவிட்டால் 37 வயது மாறன் கிடையாது; அவர் இல்லாவிட்டால் தப்பான வழி கிடையாது; சந்திப்பே கிடையாது. அவன் போயே ஆகவேண்டும். கயல் மனதுக்குள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, அவனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தவிக்கும் அத்தியாயத்தைத்தான் அதிகம் திருத்தினேன்.

நடைமுறையில் எனக்கு உதவியது ஒரு அட்டவணை. மூன்று பத்தி: ஊரின் தேதி, கயலின் தேதி, மாறனின் தேதி. கயலுக்கு அது கதைக்குள்ளேயே இருக்கிறது, அவள் போனில். சிக்னல் கிடையாது, கடிகாரம் மட்டும் ஓடுகிறது. சுவர்க் காலண்டர் வெள்ளி என்கிறது, போன் திங்கள் என்கிறது. ஒவ்வொரு காட்சிக்கும் யாருக்கு என்ன தெரியும் என்று அட்டவணையில் ஒரு வரி. 29 நாள் காணாமல் போன பெண்ணுக்காக 2019-இல் அவள் அம்மா எங்கெல்லாம் அலைந்திருப்பார் என்பதற்கும் தனி வரி உண்டு. அதைத் தொடாத காலப்பயணக் கதைகள் எனக்கு எப்போதும் உறுத்தும்.

கடைசியாக 16 வயது வாசகி ஒருத்தியிடம் கொடுத்தேன். மெட்டான் சுழற்சியை நான் ரசித்து விளக்கியிருந்த பக்கங்களை அப்படியே புரட்டிவிட்டு, பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றாள். பக்கங்கள் நான்கு வரியாகின. மெட்டான் பெயர் இப்போது நாவலில் எங்கேயும் இல்லை.