பறந்துபோன பாத்திரமும் ரத்தான காப்புரிமையும்

காப்புரிமை எதிர்ப்பு மனுக்கள் எழுதும் வேலைக்கு வருவதற்கு முன் சில காலம் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்றவன் நான். அதனால்தானோ என்னவோ, இத்துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற, பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கின் 1978-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுக்கும்போதெல்லாம், சட்டப் பிரிவுகளைவிட அந்த வழக்கின் லேத்தான் எனக்கு முதலில் கண்ணில் நிற்கிறது.

உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பித்தளை, ஜெர்மன் சில்வர் பாத்திரங்களைக் கடைந்து மெருகேற்றுவது பழைய தொழில். வழக்குக்குக் காரணமான முறை வருவதற்கு முன், சூட்டில் இளகும் பசையால் பாத்திரத்தை லேத்தின் சுழற்றும் பக்கமான ஹெட்ஸ்டாக்கின் முகத்தில் ஒட்டியோ, அதில் பொருத்திய சக் என்னும் பிடிப்பானின் தாடைகளில் கவ்வவைத்தோ சுழலவிட்டுச் சுரண்டுவார்கள். மறுபுறம் தாங்குவதற்கு டெயில்ஸ்டாக் இருக்காது. உளி கொஞ்சம் ஆழமாக விழுந்துவிட்டால் பிடி விட்டுப் பாத்திரம் பறக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள பொருள் சுற்றும்போது, வேலை செய்பவரின் காது ஓசையின் மாற்றத்தையே கவனித்துக்கொண்டிருக்கும். ஓசை மாறிய மறுநொடி ஒதுங்கிவிட வேண்டும்.

ஹிந்துஸ்தான் மெட்டல் நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் இதற்கு ஒரு வழி செய்தார். ஹெட்ஸ்டாக் பக்கம் பாத்திரத்தின் வடிவத்துக்கு ஏற்ற ஓர் அடாப்டர், எதிர்ப்பக்கம் டெயில்ஸ்டாக்கிலிருந்து வந்து பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கும் கூர்முனைத் தண்டு. ஆபத்து குறைந்தது, வேகம் கூடியது, மெருகும் சீரானது என்பது அவர்கள் தரப்பு. 1951-இல் விண்ணப்பித்து 1953-இல் காப்புரிமையும் பெற்றார்கள். அதே ஊரின் வேறொரு பாத்திர உற்பத்தியாளர் இம்முறையைப் பயன்படுத்துவதாக வழக்குத் தொடுத்தபோது, எதிர்த்தரப்பு காப்புரிமையையே ரத்து செய்யக் கோரியது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ரத்து செய்தார். மேல்முறையீட்டை விசாரித்த டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவை மாற்றிக் காப்புரிமை செல்லும் என்றது. உச்ச நீதிமன்றம் தனி நீதிபதியின் முடிவே சரி என்றது.

லேத் தெரிந்த எவருக்கும் காரணம் சட்டென்று விளங்கும். நீளமான பொருளையோ, ஆட்டம் காணும் பொருளையோ மறுமுனையில் டெயில்ஸ்டாக்கின் சென்டர் என்னும் கூர்முனையால் தாங்குவது, லேத்தில் கடையும் டர்னருக்கான பயிற்சியின் முதல் சில வாரங்களிலேயே கற்றுத்தரப்படும் சங்கதி. பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருந்த ஓர் ஏற்பாட்டைப் பாத்திரம் கடையும் தொழிலுக்குச் சிறு மாற்றத்துடன் பொருத்தியிருக்கிறார்கள்; இது பட்டறையில் இயல்பாக நிகழும் மேம்பாடே தவிரக் கண்டுபிடிப்பு அல்ல என்பதுதான் தீர்ப்பின் சாரம். மிர்சாபூரில் அதற்கு முன் யாரும் அப்படிக் கடைந்ததில்லை என்று வைத்துக்கொண்டாலும், அதனால் பயன் விளைந்தது உண்மை என்றாலும், அவை மட்டும் போதா. தொழிலாளியின் விரலைக் காப்பாற்றிய ஏற்பாட்டுக்குக் காப்புரிமை மறுக்கப்படுவது முதல் வாசிப்பில் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஆனால் காப்புரிமை என்பது பிறர் எவரும் அதைச் செய்யக் கூடாது என்று தடுக்கும் உரிமை. பழகிய டர்னர் தானே எட்டிவிடக்கூடிய ஒன்றுக்கு அந்தத் தடையைக் கொடுத்துவிட்டால், பக்கத்துப் பட்டறைக்காரர் பழைய ஆபத்தான முறைக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

புதுமையின்மையும் (அது முன்பே அப்படியே இருந்தது என்பது) கண்டுபிடிப்புப் படியின்மையும் (துறை தெரிந்தவருக்கு அது எளிதில் தோன்றியிருக்கும் என்பது) மனுக்களில் ஒரே மூச்சில் சொல்லப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வரும். இன்றைய 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 64-ஆவது பிரிவிலும் இவை தனித்தனிக் காரணங்கள். புதுமை இல்லை என்று காட்ட, காப்புரிமையின் எல்லையை வரையறுக்கும் வாசகமான உரிமைக்கோரலில் உள்ள எல்லா உறுப்புகளும் முந்தைய ஒரே ஆவணத்திலோ ஒரே பயன்பாட்டிலோ இருந்தாக வேண்டும். நான் உரிமைக்கோரலை வாக்கியமாகப் படிப்பதில்லை. ஹெட்ஸ்டாக், அடாப்டர், அழுத்தும் தண்டு, அதன் கூர்முனை என்று வரிக்கு ஒன்றாக உடைத்து, எதிரே பழைய கேட்லாக்கின் படத்தை வைத்துப் பென்சிலால் குறிப்பேன். ஒரு வரி காலியாக நின்றாலும் புதுமை பற்றிய வாதம் அங்கேயே முடிந்துவிடும். இயந்திரவியலில் பெரும்பாலும் ஒரு வரி காலியாகத்தான் நிற்கும், ஏனென்றால் காப்புரிமை எழுதுபவர் ஏதாவது ஒரு திருகையோ பள்ளத்தையோ சேர்க்காமல் விடுவதில்லை.

அந்தக் காலி வரியில்தான் கண்டுபிடிப்புப் படியின் கேள்வி தொடங்குகிறது. இந்தத் தீர்ப்பு எடுத்தாண்ட சோதனை அழகானது: அந்தப் பழைய ஆவணத்தை, அன்றைய பொது அறிவுள்ள, இதே சிக்கலில் மாட்டியிருக்கிற, ஆனால் இந்தக் கண்டுபிடிப்பை அறியாத ஒரு தேர்ந்த கைவினைஞரிடம் கொடுத்தால், ‘எனக்கு வேண்டியது இதில் இருக்கிறது’ என்று சொல்வாரா? இரண்டு ஆவணங்களைச் சேர்த்து வாதிட இங்கே இடம் உண்டு. ஆனால் அவர் ஏன் அவ்விரண்டையும் சேர்ப்பார் என்பதை மனு சொல்ல வேண்டும். மிர்சாபூர் வழக்கில் அந்தக் காரணம் பாத்திரத்திலேயே இருந்தது. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் பறக்கிறது. எனவே மறுபக்கமும் பிடி. எல்லா வழக்கிலும் இவ்வளவு சுலபமாக அமைவதில்லை. விடையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்தால் எந்த இயந்திரமும் எளிதாகத்தான் தெரியும், எதிர்ப்பவன் முதலில் ஏமாற்றுவது தன்னையே. அதனால் உரிமைக்கோரலைக் காட்டாமல், சிக்கலை மட்டும் சொல்லி, ஒரு பழைய டர்னரிடம் ‘நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டுவிட்டுத்தான் நான் மனுவின் அந்தப் பகுதியை எழுதத் தொடங்குவேன். அவர் வேறு வழியைச் சொல்லிவிட்டால் என் வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

காப்புரிமை அலுவலகம் ஆராய்ந்து வழங்கிவிட்டது என்பதாலேயே அது செல்லும் என்று ஆகிவிடாது என்பதையும் இதே தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. இன்றைய சட்டத்தின் 13(4) பிரிவும் அதையே சொல்கிறது. கட்சிக்காரர்கள் சான்றிதழின் முத்திரையைப் பார்த்து மிரளும்போது நான் காட்டுவது அந்தப் பிரிவைத்தான். கூடவே காலத்தையும் சொல்லிவிடுவேன். காப்புரிமை வழங்கப்பட்ட அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் 25(2) பிரிவின் கீழ் எதிர்ப்புத் தெரிவித்தால் சண்டை அலுவலகத்தோடு முடியக்கூடும். அதைத் தவறவிட்டால் உயர் நீதிமன்றம்தான். மிர்சாபூர்க் காப்புரிமைக்கு அன்றைய சட்டப்படி ஆயுள் 16 ஆண்டுகள். உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்ன 1978-இல் அந்தக் காலம் எப்போதோ கடந்துபோயிருந்தது.