மழைக்கு முன் எழுதி முடிக்க வேண்டியது

அக்டோபர் 9

அடையாற்றின் மட்டத்தைப் பார்த்துத் தெருவுக்கு எச்சரிக்கை தரப்போகும் ஏஐ ஏஜென்டுக்காக, அது கூப்பிட்டுப் பயன்படுத்தும் டூலின் (சிறு நிரலின்) விளக்கத்தை எழுத ஆரம்பித்தாயிற்று. மேல்வீட்டுத் தம்பி கோடு எழுதி முடித்துவிட்டான். "நாலு வரி போதும்க்கா" என்கிறான். போதாது. மனிதருக்கு எழுதும் கையேட்டில் ஏதாவது விட்டுப்போனால் படிப்பவர் யாரையாவது கேட்டுக்கொள்வார். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்காது. டூலின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற விவரம், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். மீதியை ஊகித்துக்கொள்ளும். ஆற்றின் மட்டத்தை ஊகிக்க விட முடியுமா?

அக்டோபர் 10

அம்மா மாமா வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள்.

அக்டோபர் 12

நாள் முழுக்க ஒரே விஷயம்தான் மண்டையில் ஓடுகிறது. பாலத்தடியில் உள்ள சென்சார் தண்ணீர் மட்டத்தை எம்க்யூடிடி (சாதனங்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறை) வழியாக ஒரு டாபிக்கில், அதாவது பெயரிட்ட ஒரு செய்தித் தடத்தில், அனுப்புகிறது. அதில் வருவதைப் பெற, அந்த டாபிக்குக்கு ஏஜென்ட் சப்ஸ்கிரைப் செய்ய வேண்டும். பெயரில் ஓர் எழுத்து பிசகினால்? நடுவில் நின்று செய்திகளை வாங்கி அனுப்பும் சர்வரான ப்ரோக்கர் "சரி" என்றுதான் பதில் தரும். அப்படி ஒரு டாபிக்கே இல்லை என்று சொல்லாது. டாபிக்கை யாரும் முன்கூட்டிப் பதிந்து வைப்பதில்லை, யாராவது அனுப்பும்போதுதான் அது உண்டாகிறது. ஆகவே ஏஜென்ட் இல்லாத இடத்தில் காதை வைத்துக்கொண்டு, டூல் தரும் காலியான செய்திப் பட்டியலைப் பார்த்து, "மட்டம் ஏறவில்லை" என்று தெருவுக்கே அறிவித்துவிடும்.

பட்டியல் காலியாக வந்தால் மட்டம் மாறாமல் இருக்கலாம், சென்சார் செத்திருக்கலாம், பெயர் தப்பாக இருக்கலாம். மூன்றும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். விளக்கத்தின் முதல் வரியை மாற்றிவிட்டேன்: "காலிப் பட்டியல் வந்தால் ஆபத்து இல்லை என்று முடிவு செய்யாதே."

தம்பிக்கு இது அதிகப்படியாகத் தெரிகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அவன் இங்கே இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் ஒன்றும் இருக்காது என்றுதான் இந்தத் தெரு தூங்கப் போனது.

அக்டோபர் 13

ஃபிரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைத்தோம்.

அக்டோபர் 15

வானம் மூடியிருக்கிறது, மழை இல்லை. ரீடெயின்டு செய்தி பற்றி எழுதினேன். சப்ஸ்கிரைப் செய்த உடனே, ப்ரோக்கர் பத்திரப்படுத்தி வைத்த கடைசிச் செய்தி வந்து விழும். அது இந்த நிமிடத்தின் மட்டமாக இருக்கலாம், நேற்று ராத்திரியுடையதாகவும் இருக்கலாம். எம்க்யூடிடி தானாக நேரத்தைக் குறித்து அனுப்பாது. அளந்த நேரத்தைச் செய்திக்குள்ளேயே சென்சார் அனுப்பும்படி தம்பியை மாற்றச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே மாற்றினான். நல்ல பிள்ளை.

அக்டோபர் 16

வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம். நம் முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளிலிருந்து வருகிறது என்பதை எத்தனை முறைதான் சொல்வது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நமக்குக் கீழே திருநீர்மலைப் பக்கம்தான் ஆற்றில் சேர்கிறது. இதையும் விளக்கத்தில் சேர்த்தேன். டூலுக்குச் சம்பந்தமில்லை என்று நலச்சங்கச் செயலாளர் சொல்கிறார். எந்த டாபிக்கைக் கேட்பது என்று ஏஜென்ட் தேர்ந்தெடுக்க இது தெரிந்தாக வேண்டுமே.

அக்டோபர் 19

ஏஜென்ட் ஒரு டூலைக் கூப்பிட்டால் பதில் வந்தாக வேண்டும். ராத்திரி முழுக்க வாசலில் உட்கார்ந்து காத்திருக்க அதற்குத் தெரியாது. அதனால் இரண்டாகப் பிரித்தோம்: சப்ஸ்கிரைப் செய்ய ஒன்று, இதுவரை வந்ததை எடுத்துத் தர இன்னொன்று. எடுக்கும்போது அதிகபட்சம் எத்தனை விநாடி காத்திருக்கலாம் என்பதும் ஓர் உள்ளீடு.

காலிப் பட்டியல் மறுபடியும். இந்த முறை விளக்கத்தை மட்டும் நம்பவில்லை. பதிலிலேயே இரண்டு விவரம் கேட்டு வாங்கினேன்: இணைப்பு உயிரோடு இருக்கிறதா, இந்த டாபிக்கில் கடைசியாக எப்போது செய்தி வந்தது. "இதுவரை வந்ததே இல்லை" என்றால் பெயரைச் சரிபார் என்று எழுதியிருக்கிறேன். இன்று நிம்மதியாகத் தூக்கம் வரும்.

அக்டோபர் 20

வரவில்லை. டாபிக் பெயருக்குப் பதிலாக ஹாஷ் (#) போட்டு எல்லா டாபிக்கையும் ஒன்றாகக் கேட்டால்? மோட்டார், தெருவிளக்கு, தொட்டி என்று எல்லாம் வந்து குவியும். நடுவில் ஆறு எங்கே தெரியப் போகிறது. தடை செய்யச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 21

கரண்ட் போய் வந்தது. சென்சார் பேட்டரியில் ஓடுகிறது, ஆனால் மோடம் ஓடவில்லை. லாஸ்ட் வில் வேலை செய்தது! இணைப்பு சொல்லாமல் கொள்ளாமல் அறுந்தால், சென்சார் முன்பே கொடுத்து வைத்த செய்தியை ப்ரோக்கர் அதன் சார்பாக அனுப்பும். கீப்அலைவை, அதாவது சென்சார் தான் இருப்பதாகச் சத்தம் கொடுக்க வேண்டிய இடைவெளியை, 60 விநாடி வைத்திருக்கிறோம். ஒன்றரை மடங்கு, அதாவது 90 விநாடி வரை சத்தம் இல்லையென்றால் ப்ரோக்கர் இணைப்பைத் துண்டித்துவிடும். "சென்சார் தொடர்பில் இல்லை" என்ற வரியை போனில் பார்த்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். "மட்டம் எவ்வளவுன்னு சொல்லு" என்றாள்.

அக்டோபர் 23

செய்திக்குள் இருப்பது தகவல், கட்டளை அல்ல. யாராவது அந்த டாபிக்கில் "எச்சரிக்கையை நிறுத்து" என்று அனுப்பினால் ஏஜென்ட் அதற்குக் கீழ்ப்படியக் கூடாது. ப்ரோக்கருக்குக் கடவுச்சொல் உண்டு, ஆனாலும் எழுதிவிட்டேன்.

அக்டோபர் 24

விடியற்காலையிலிருந்து அடித்துக் கொட்டுகிறது. அளவுகள் ஒழுங்காக வருகின்றன, ஏறுகின்றன. ஒரே செய்தி இரண்டு முறை வந்தது. க்யூஓஎஸ் 1 என்ற அனுப்பும் தரத்தில் அது சகஜம், ஒரு முறையாவது சேர்த்துவிடும், இரட்டித்தாலும் இரட்டிக்கும். ஏஜென்ட் இரண்டு எச்சரிக்கை அனுப்பாமல் இருக்க, அளந்த நேரத்தை ஒப்பிடச் சொல்லும் பத்தி இன்னும் பாக்கி. அம்மா மருந்து டப்பாவை எடுத்துப் பையில் வைத்துவிட்டாள். மாமா கார் அனுப்புகிறாராம். மீதியை அங்கே போய் எழுதுகிறேன்.