இரண்டு நாற்காலிக்கு ஒன்பது பேர்

எங்கள் கட்டுப்பாட்டு அறையில் இரண்டு நாற்காலிகள். இரவோ பகலோ, இரண்டிலும் ஆள் இருந்தாக வேண்டும். எத்தனை பேர் தேவை என்று கேட்டபோது, மூன்று ஷிப்டுக்கு ஆறு பேர், வார ஓய்வுக்கு மாற்றாக ஒருவர், ஆக ஏழு பேர் என்று ஐந்தே நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கணக்கால் வருடம் முழுக்க என்னுடன் வேலை செய்தவர்கள் தூக்கத்தைத் தொலைத்தார்கள்.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு உள்ளே நுழைந்தேன். இரண்டு ஷிப்டைத் தொடர்ந்து பார்க்கும் டபுள் ட்யூட்டியில் பதினாறு மணி நேரத்தை முடித்திருந்தவர், நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் ஒரே அழுத்த அளவை எழுதியிருந்தார். திரையிலோ அழுத்தத்தைக் காட்டும் கோடு நன்றாகவே இறங்கியிருந்தது. கேட்டதும் பதறிப்போய்ப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். எழுதியதே அவருக்கு நினைவில்லை. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அன்று மாலையே வேறு விதமாக எண்ணத் தொடங்கினேன். ஒரு நாற்காலிக்கு வருடத்தில் 1,095 ஷிப்டுகள், இரண்டுக்கும் 2,190. ஓர் ஆள் உண்மையில் எத்தனை ஷிப்டு வருவார்? 365 நாளில் வார ஓய்வு 52 கழித்தால் 313. விதிப்படி உள்ள விடுப்பு 30 நாளையும் கழித்தால் 283. இங்கேயே நிறுத்தினால் எட்டுப் பேர் போதும் என்று வரும். நிறுத்தவே கூடாது. இரண்டு வருட வருகைப் பதிவேட்டைப் பெயர் பெயராகப் புரட்டினேன். நீண்ட காய்ச்சல், வீட்டில் துக்கம், கட்டாயப் பயிற்சி என்று தலைக்குச் சராசரியாக இன்னும் 14 நாள் போயிருந்தது. மிச்சம் 269.

2,190-ஐ 269-ஆல் வகுத்தால் 8.14. "எட்டு என்றே வைத்துக்கொள்ளலாமே" என்றார் மேலாளர். அந்த 0.14-க்குள் 38 ஷிப்டுகள் இருக்கின்றன சார் என்றேன். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய பதினாறு மணி நேரம். பொறுப்பை ஒப்படைக்கும் கால் மணி நேரத்தையும் வேலையாக எண்ணினால் இன்னும் 68 ஷிப்டுகள் சேர்ந்து, பற்றாக்குறை 106 ஆகிறது.

அவரை யோசிக்க வைத்தது வேறொன்று. ஏழு பேரோடு ஓட்டிய வருடத்தில், ஒப்படைப்பு நேரத்தைச் சேர்க்காமலே 307 ஷிப்டுக்கு ஆள் பற்றாமல் போயிருக்க வேண்டும் என்றது என் கணக்கு. பதிவேட்டில் இருந்த டபுள் ட்யூட்டிகளை அவர் முன்னாலேயே எண்ணினேன்: 298.

ஒன்பது பேருக்கு அனுமதி கிடைத்தது. புதிதாக வந்த இருவரையும் மூன்று மாதம் பழகிய ஆளின் பக்கத்திலேயே உட்கார வைத்தோம். அதுவரை பழைய ஏழு பேர்தான் சமாளித்தார்கள். நான்காவது மாதத்தில் டபுள் ட்யூட்டி இரண்டே இரண்டு. அடுத்த முறை விடுப்பு கேட்டு வந்தவரிடம், மாற்று யார் என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டேன்.