ஏற்காட்டில் வார இறுதி வீடு: வாங்கும் முன் ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள்

மார்ச் கடைசியில் வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்ததும் சேலத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். ஏற்காட்டில் அஞ்சு செண்ட் வாங்கிப் போட்டு ஒரு வீடு கட்டினால் என்ன? கடற்கரையோரம் வீடு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் புதுச்சேரிக்கோ தரங்கம்பாடிக்கோ நாலைந்து மணி நேரம் வண்டி ஓட்டவேண்டும். ஏற்காடு முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரம். அங்கே உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், இங்கே மூடுபனி மெத்தையைத் தின்னும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அவசரப்பட்டு வாங்காதீர்கள். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டை ஒரு வருஷம் வாடகைக்கு எடுங்கள்.

கணக்கு எளிது. மாதம் இரண்டு நாள், மே மாதம் ஒரு வாரம் என்று போனால்கூட ஒரு குடும்பம் வருஷத்தில் முப்பது நாள்தான் அந்த வீட்டில் இருக்கும். மீதி 335 நாளும் பூட்டுதான். உதாரணத்துக்கு மாத வாடகை 12,000 ரூபாய் என்று வையுங்கள். வருஷத்துக்கு 1,44,000, நாலாகப் பிரித்தால் 36,000. முப்பது நாளுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளுக்கு 1,200 ரூபாய். வாட்ச்மேன் சம்பளம், சுத்தம் செய்ய ஆள் என்று தனியாக ஒரு பொது நிதி போட்டுக்கொள்ளுங்கள். மே மாத வாரங்கள், பொங்கல், தீபாவளி விடுமுறைக்குத்தான் சண்டை வரும். ஜனவரியிலேயே சீட்டுக் குலுக்கி எழுதி வைத்துவிட்டால் உறவு தப்பிக்கும்.

ஒப்பந்தம் பெரும்பாலும் பதினோரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஒரு வருஷத்தைத் தாண்டினால் பதிவு செய்தாகவேண்டும். போக்கியத்துக்குக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் வில்லங்கச் சான்று எடுங்கள். வீட்டின் மேல் பாங்க் கடன் இருந்து அது வாராக்கடனானால், நீங்கள் கொடுத்த மொத்தத் தொகையும் தொங்கலில் நிற்கும். பதிவு செய்யாத போக்கியப் பத்திரத்தை நம்பி லட்சக்கணக்கில் பணம் கொடுக்கவே வேண்டாம்.

வீடு பார்க்க எல்லோரும் ஏப்ரல், மே மாதத்தில் போகிறார்கள். வெள்ளையடித்து, ஜன்னலைத் திறந்து போட்டிருப்பார்கள். எந்த வீடும் நன்றாகத்தான் தெரியும். அக்டோபரிலோ நவம்பரிலோ, இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் பின்பக்கம் இருக்கும் கருங்கல் தடுப்புச் சுவரைப் பாருங்கள். மலைச்சரிவில் வீட்டையே தாங்கிக்கொண்டிருப்பது அதுதான். சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று வீதமாவது மூன்று அல்லது நாலு அங்குலக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவேண்டும். மழைக்கு மறுநாள் அந்தக் குழாயில் தண்ணீர் சொட்டினால் நல்ல சுவர். குழாய் காய்ந்து கிடக்க, கல் இடுக்கில் தண்ணீர் கசிந்தால், பின்னால் ஜல்லி போடாமல் மண்ணை நேரடியாகக் கொட்டியிருக்கிறார்கள், குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தம் சுவரை நடுவில் வயிறு போல உப்ப வைக்கும். உப்பலும் குறுக்கு விரிசலும் சேர்ந்து தெரிந்தால் அந்த வீட்டைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அடுத்தது, சரிவை வெட்டிப் பாதியும் மண் கொட்டிப் பாதியுமாகச் சமன் செய்த மனையா என்று பாருங்கள். கொட்டிய மண் வருஷக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே போகும் விரிசல் அதன் அடையாளம். சிமெண்ட் பூசி மறைத்திருந்தால், அந்தக் கோட்டில் மட்டும் பெயிண்ட் வேறு நிறமாக இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மழைக்காலப் பார்வை ஏமாற்றும். அக்டோபரில் எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் இருக்கும். "ஏப்ரல்ல தண்ணி எங்கேர்ந்துங்க வரும்?" என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். மலையில் போர்வெல் போட்டால் தண்ணீர் வருவது பாறை வெடிப்பு கிடைப்பதைப் பொறுத்தது. நாலு பேர் இரண்டு நாள் தங்க 800 முதல் 1,000 லிட்டர் வேண்டும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், வீணாவது போகச் சுமார் 750 லிட்டர் பிடிக்கலாம். முதல் பத்து நிமிஷத் தண்ணீரை வெளியே விட்டுவிடவேண்டும். தூசியும் குரங்கு எச்சமும் அதில்தான் வரும். குரங்கு என்றதும் இன்னொன்று: மேல்தொட்டி மூடியைக் கட்டுக்கம்பி போட்டு முறுக்கி வையுங்கள். திறந்து உள்ளே இறங்கிக் குளிப்பதெல்லாம் அதுகளுக்கு வழக்கம். செப்டிக் டேங்க் கிணற்றுக்கு மேல்பக்கச் சரிவில் இருக்கக்கூடாது, குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும்.

இனி ஈரம். ஏற்காட்டு வீட்டுக்குச் செலவு வைப்பதில் முதல் இடம் இதற்குத்தான். பூட்டிக் கிடக்கும் அறையில் மூடுபனிக் காலத்தில் சுவர் தானாக உலராது. பளபளப்பான எமல்ஷன் பெயிண்ட் அடித்த சுவரில் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் கொப்பளித்து உரியும். சுண்ணாம்பு அடித்த சுவர் மூச்சு விடும், சுண்ணாம்பின் காரத்தில் பூசணமும் லேசில் பிடிக்காது. பார்க்கப் பழசாக இருந்தாலும் சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக் கூரை வீட்டுக்கே எங்கள் ஓட்டு. பூசணம் வந்த இடத்தைக் காய்ந்த துணியால் தட்டினால் அதன் தூள் அறை முழுக்கப் பரவும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால், ஜன்னலைத் திறந்து வைத்துத் துடைக்கவேண்டும். அதன் மேலேயே பெயிண்ட் அடிப்பது காசுக்குப் பிடித்த கேடு.

மரப் பீரோவைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளிப் போடுங்கள். மெத்தையைப் பிளாஸ்டிக் உறையில் வைத்தால் உள்ளேயே வியர்த்து நாறும். செங்குத்தாக நிறுத்திப் பழைய பருத்திச் சேலையால் மூடினால் போதும். ஃபோம் மெத்தையை விட இலவம்பஞ்சு மெத்தைதான் இங்கே சரி, வெயில் அடிக்கும்போது வெளியே போட்டுக் காயவைக்கலாம். கிளம்பும்போது ஃபிரிட்ஜை அணைத்து, துடைத்து, கதவிடுக்கில் ஒரு துண்டைச் செருகி வையுங்கள். பீரோக் கதவுகளும் திறந்தே இருக்கட்டும். குளியலறைத் தரைக் குழியில் தண்ணீர் வற்றினால் நாற்றமும் கரப்பானும் மேலே வரும். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். தேங்காய் எண்ணெய் அந்தக் குளிரில் உறைந்துவிடும், கடலை எண்ணெய் ஊற்றுங்கள். கோடை மழைக்கு இடி பலமாக இருக்கும், டிவி பிளக்கைப் பிடுங்கி விட்டுத்தான் பூட்டவேண்டும். குளிருக்காக மூடிய அறையில் அடுப்புக்கரி மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

பூட்டியிருக்கும் வீட்டுக்கு மின்கட்டணம் பெரிதாக வராது, இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை வீட்டு இணைப்புக்கு இலவசம். காலியாக இருக்கும் நாளில் டூரிஸ்ட்டுக்கு விடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அப்படி விட்டால் வீட்டுக் கட்டணம் செல்லாது, வணிகக் கட்டணம்தான். வீட்டுக்காரருடைய சம்மதம் எழுத்தில் வேண்டும்.

ஒரு வருஷம் இருந்து பார்த்த பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால், "லேக் வியூ" விளம்பரத்தை மடித்து வைத்துவிட்டு ஆவணத்தைக் கேளுங்கள். ஏற்காடு மலையிடப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட பகுதி. கீழே சேலத்தில் வீடு கட்டுவது போல ஒரு பிளானை நீட்டி அனுமதி வாங்கிவிட முடியாது. 2016 அக்டோபர் 20க்குப் பிறகு பிரித்த, அங்கீகாரம் இல்லாத மனைக்குப் பத்திரப்பதிவும் ஆகாது. மலைவாழ் மக்களுக்கு அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலத்தைத் தொடவே கூடாது, அது எத்தனை கை மாறி வந்திருந்தாலும் சரி. காப்பித் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறவர்களிடம் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும். தோட்டப்பயிர் என்பதால் நில உச்சவரம்பிலிருந்து (ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற கட்டுப்பாடு) விலக்குப் பெற்ற நிலமா என்று வக்கீலை வைத்துப் பார்க்கவேண்டும், அப்படியென்றால் மனையாக வாங்குவதில் சிக்கல் வரும். மனையில் நிற்கும் மரத்தை இஷ்டத்துக்கு வெட்டவும் முடியாது.

பொழுதுபோக்குக்கு ஏரிப் படகுக்கு வரிசையில் நிற்பது ஒருமுறை போதும். மற்ற நாளில் 32 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் மெதுவாக வண்டி ஓட்டுங்கள். மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை பெய்து எட்டுப் பத்து நாளில் காப்பிச்செடி பூக்கும். இரண்டு மூன்று நாள்தான் தோட்டம் வெள்ளையாக இருக்கும், அப்புறம் பழுப்பாகிவிடும். மழை பெய்த தேதியை வாட்ச்மேனிடம் போனில் கேட்டு வைத்துக்கொண்டால் சரியான நாளில் போகலாம். கிளியூர் அருவிக்கு மழை முடிந்த கையோடு போனால்தான் தண்ணீர் இருக்கும். சாயங்காலம் எஸ்டேட் வழியில் நடந்தால் காட்டெருமை எதிர்ப்படலாம். செல்ஃபி எடுக்காமல் வந்த வழியே திரும்புங்கள்.

மே மாதக் கோடை விழா நாள்களிலும் ஞாயிறு சாயங்காலத்திலும் மலைப்பாதை அடைத்துக்கொள்ளும். திங்கள் விடியற்காலை இறங்கினால் எட்டு மணிக்குச் சேலத்தில் வேலையைப் பார்க்கலாம். ஏற எந்த கியரோ இறங்கவும் அதே கியர்தான், பிரேக்கை மட்டும் நம்பினால் பத்தாவது வளைவிலேயே கருகல் வாடை அடிக்கும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது போல மறுபடியும் நடக்கலாம், கனமழை அறிவிப்பு இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். அயோத்தியாப்பட்டணம் பக்கம் குப்பனூர் வழியாக இன்னொரு பாதை உண்டுதான், அதுவும் மலைப்பாதைதான்.